தகுவாபாவில் ஏழு வாரம்

தாய்லாந்தின் சுரின் தீவில் நீந்திவிட்டுக் கூடாரத்துக்குத் திரும்பும்போதுதான் குதிகால் ஓரத்தில் ரத்தம் கசிவதைக் கவனித்தேன். சின்ன வெட்டுதான், பாதி விரல் நீளம்கூட இருக்காது. பவளப்பாறையில் உரசியிருக்க வேண்டும், தண்ணீருக்குள் இருந்தவரை தெரியவே இல்லை. குடிக்க வைத்திருந்த தண்ணீரை ஊற்றிக் கழுவி ஒரு பிளாஸ்டரை ஒட்டிவிட்டு, மறுநாள் காலையில் மறுபடி கடலில் இறங்கினேன். அதுதான் தப்பு. மூன்றாம் நாள் பாதம் வீங்கிச் செருப்பு போட முடியவில்லை, ராத்திரி லேசாகக் காய்ச்சலும் வந்தது. படகில் குரா புரிக்கு வந்து சேர்ந்து, பக்கத்தில் பெரிய ஊர் எது என்று கேட்டேன். தகுவாபா என்றார்கள். தெற்கே போகிற பேருந்தில் ஏறி அங்கே இறங்கினேன்.

ஒரு கிளினிக்கில் நர்ஸ் அக்கா என் காலைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, இடுக்கியால் ஒவ்வொன்றாக மூன்று வெள்ளைத் துணுக்குகளை எடுத்துப் பஞ்சின் மேல் வைத்துக் காட்டினார். அரிசி நொய் மாதிரி இருந்தன. பவளம். வெட்டு எவ்வளவு சிறிதாக இருந்தாலும், பவளத் துணுக்கு உள்ளேயே தங்கிவிட்டால் புண் ஆறாது, சீழ் பிடிக்கும் என்று டாக்டர் சொன்னார். தினமும் வந்து கட்டு மாற்ற வேண்டும், இரண்டு வாரத்துக்குக் கடல் கூடாது. 'தாலே, மாய் தாய்' என்று நர்ஸ் அக்கா கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். கடல், முடியாது.

கடலுக்காகவே வந்தவளிடம் சொன்னால் எப்படி இருக்கும்? அன்று சாயங்காலம் விடுதி அறையில் உட்கார்ந்து அழுதேன்.

அதற்கு முந்தைய ஐந்து வாரத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 2025 ஜனவரி நடுவில் பாங்காக்கில் இறங்கினேன். இந்திய பாஸ்போர்ட்டுக்கு அப்போது விசா இல்லாமலே 60 நாள் முத்திரை குத்தினார்கள். இரவு ரயிலில் தராங், அங்கிருந்து லிபோங், மூக், கிராதான் என்று தீவுகள், பிறகு லந்தா, ரைலே, பீ பீ, புக்கெட், காவ் லாக், கடைசியில் சுரின். அந்தமான் கடல் பக்கம் இருக்கும் இந்தக் கரைகளுக்கு நவம்பரிலிருந்து ஏப்ரல் வரைதான் நல்ல பருவம். மே மாதம் தென்மேற்குக் காற்று தொடங்கிவிட்டால் அலை பெரிதாகிவிடும், சுரின், சிமிலான் தீவுகளை அக்டோபர் நடு வரை மூடியே வைத்துவிடுவார்கள். அதனால் எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்ற பரபரப்பு எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. ஒரு தீவில் மூன்று இரவு, அடுத்ததில் இரண்டு. முதுகுப்பையை முழுதாகப் பிரித்ததே இல்லை, மேலே இருக்கும் இரண்டு சட்டையைத்தான் மாற்றி மாற்றிப் போட்டேன்.

அழகு இல்லை என்று சொல்லவில்லை. மூக் தீவில் மரகதக் குகை இருக்கிறது. சுமார் 80 மீட்டர் இருட்டுச் சுரங்கத்துக்குள் நீந்திப் போனால், நாலு பக்கமும் செங்குத்துப் பாறை, நடுவில் ஒரு துண்டு மணல், தலைக்கு மேல் வட்டமாக வானம். காலை ஏழரைக்குப் போனேன், என்னையும் படகுக்காரரையும் தவிர ஆள் இல்லை. சுவரோடு சுவராக மரங்கள் ஏறி நிற்க, தண்ணீர் சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு பீ பீ லே தீவின் மாயா விரிகுடாவுக்குப் போனேன். நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கில் ஆட்கள் இறங்கிப் பவளத்தை நாசமாக்கியதால் 2018 ஜூனில் அதை மூடினார்கள், 2022 ஜனவரியில்தான் திறந்தார்கள். இப்போது படகுகள் பின்பக்கமாக நிற்க வேண்டும், நீந்தக் கூடாது, முழங்கால் அளவுக்கு நிற்கலாம். அந்தத் தடையை மனதார வரவேற்கிறேன். கரையோரம் கருமுனைச் சுறாக் குட்டிகள் திரும்பி வந்து சுற்றுகின்றன, என் கண்ணாலேயே பார்த்தேன். ஆனால் அங்கே வரிசையில் நின்று, என் முறை வந்ததும் படம் எடுத்துக்கொண்டு, அடுத்தவருக்கு இடம் விட்டு நகர்ந்தபோது ஒரு வெறுமை வந்தது. நான் எங்கே இருக்கிறேன், இந்த ஊர்க்காரர்கள் யார், இன்றைக்கு என்ன கிழமை, எதுவுமே தெரியாமல் ஐந்து வாரம் ஓடியிருந்தது.

சரி, தகுவாபாவுக்கு வருகிறேன்.

ஊர் இரண்டாகக் கிடக்கிறது. பேருந்து நிலையமும் சந்தையும் இருக்கும் பகுதி யான் யாவ். அங்கிருந்து சில கிலோமீட்டர் உள்ளே தள்ளி, ஆற்றை ஒட்டிப் பழைய ஊர். இரண்டுக்கும் இடையே சோங்தேவ் ஓடும், பின்னால் எதிரெதிராக இரண்டு பெஞ்சு போட்ட வண்டி. விடுதியில் நாலு நாள் இருந்துவிட்டு, பழைய ஊரில் ஒரு காப்பிக்கடைக்கு மேலே மாடி அறை காலியாக இருப்பது தெரிந்து போய்ப் பார்த்தேன். மாதம் 4,000 பாத். மரத் தரை, தெருவைப் பார்த்த ஜன்னல், ஒரு மின்விசிறி. கட்டுப் போட்ட காலோடு நொண்டி நொண்டி மாடி ஏறுவதைப் பார்த்த கடைக்கார அம்மா, நான் வாடகை பேசுவதற்கு முன்பே உள்ளே போய் ஒரு ஜோடி நீல ரப்பர் செருப்பைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். அவருடைய மகனுடையதாம், பெரிய அளவு, கட்டோடு சேர்த்துப் பாதம் உள்ளே போயிற்று.

அவரை நான் 'பா' என்றுதான் கூப்பிட்டேன். தாய் மொழியில் பா என்றால் பெரியம்மா. அந்த ஊரில் யாரும் யாரையும் வெறும் பெயர் சொல்லிக் கூப்பிடுவது அரிது. மூத்தவர் 'பீ', இளையவர் 'நோங்', மாமா வயதுக்காரர் 'லுங்'. அக்கா, தம்பி என்று வாய்ப்பழக்கம் உள்ள நமக்கு இது இரண்டே நாளில் வந்துவிடும். நான் எல்லோருக்கும் நோங். காலையில் கீழே இறங்கினால் முதல் கேள்வி 'கின் காவ் யாங்?' சோறு தின்றாச்சா என்று நேர்ப்பொருள். சாப்பிட்டேன் என்றாலும் ஏதாவது ஒன்றைத் தட்டில் வைத்துவிடுவார், ஆகவே பதில் என்னவாக இருந்தாலும் ஒன்றுதான்.

மொழி அவ்வளவு சுலபமில்லை. 'க்லாய்' என்ற சொல்லை ஒரு சுரத்தில் சொன்னால் தூரம், இன்னொரு சுரத்தில் சொன்னால் பக்கம். சந்தை பக்கமா என்று கேட்கப் போய்த் தூரமா என்று கேட்டிருக்கிறேன், ஆமாம் என்று சொன்னதை நம்பி நடந்திருக்கிறேன். தெற்கத்திக்காரர்கள் பேச்சு வேறு மாதிரி, சொற்களின் தலையை வெட்டிவிடுவார்கள். ருசியாக இருக்கிறது என்று புத்தகத் தாய் மொழியில் 'அரோய்' சொன்னேன். பா தலையை ஆட்டிவிட்டு, 'ரோய்' என்று திருத்தினார். அன்றிலிருந்து ரோய்தான்.

கடை காலை ஐந்தரைக்குத் திறக்கும். துணி வடிகட்டியில் ஊற்றிய கறுப்புக் காப்பி, அடியில் விரலளவு கட்டிப்பால், அதற்குத் தொட்டுக்கொள்ளப் பாத்தோங்கோ என்ற பொரித்த மாவு. அந்தக் காப்பிக்குப் பெயர் கோபி. ஃபுஜியனிலிருந்து வெள்ளீயச் சுரங்கத்துக்கு வந்த சீனர்கள் கொண்டுவந்த பழக்கங்களில் ஒன்று. 'தகுவா' என்றால் ஈயம், ஆனால் ஊரை வளர்த்தது வெள்ளீயம். சுரங்கக் காசில் எழுந்த கடைவீடுகள்தான் இன்றும் தெருவின் இரு பக்கமும் நிற்கின்றன. வளைவு வளைவாக முகப்பு, கீழே கூரையிட்ட நடை. மலேசியாவில் நம் ஆட்கள் அஞ்சடி என்று சொல்வது இதைத்தான். 1985இல் உலகச் சந்தையில் வெள்ளீயத்தின் விலை சரிந்தபோது இந்தப் பக்கத்துச் சுரங்கங்கள் படுத்துவிட்டன. இடித்துக் கட்டப் பணமில்லாமல் போனதால்தான் வீடுகள் தப்பின என்று எனக்குத் தோன்றுகிறது. ஊருக்கு வெளியே ஆற்றின் மேல் ஓர் இரும்புப் பாலம் இருக்கிறது, சுரங்கத்துக்காக ஆற்றை வாரிய மிதவைக் கப்பலின் இரும்பை எடுத்துக் கட்டியது. சாயங்காலம் அதுவரை நடப்பேன். முதல் வாரம் பாதி வழியில் திரும்பினேன், மூன்றாம் வாரம் அக்கரை போனேன். என் கால் எவ்வளவு தேறியிருக்கிறது என்பதை அந்தப் பாலத்தை வைத்துத்தான் கணக்கிட்டேன்.

இப்படி ஒரு சின்ன ஊரில் தங்க நினைப்பவர்களுக்கு ஒன்றிரண்டு சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டவர் யார் தங்கினாலும் வீட்டுக்காரர் 24 மணி நேரத்துக்குள் குடிவரவுத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும், டி.எம்.30 என்பார்கள். வாடகை பேசும்போதே இதைக் கேட்டுவிடுங்கள், பிறகு விசா நீட்டிக்கப் போகும்போது அந்தத் தாளைக் கேட்பார்கள். 60 நாள் முடியும் முன்பு 1,900 பாத் கட்டி இன்னும் 30 நாள் வாங்கினேன். விதிகள் மாறிக்கொண்டே இருக்கும், புறப்படும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். கடலில் இறங்குபவர்கள் கால் முழுக்க மூடுகிற ரப்பர் காலணி வாங்குங்கள், என்னைப் போலத் தவிக்க வேண்டாம். கடற்கரையில் கம்பத்தில் வினிகர் பாட்டில் மாட்டியிருந்தால் அது ஜெல்லிமீன் கடிக்கு, அதை எடுத்து விளையாடக் கூடாது. தேசியப் பூங்காக்களுக்குள் பவளத்தைக் கெடுக்கும் ஆக்சிபென்சோன் போன்ற ரசாயனங்கள் கலந்த சன்ஸ்கிரீனை 2021 முதல் தடை செய்திருக்கிறார்கள். முழுக்கைச் சட்டையே போதும்.

இரண்டாவது வாரம் பா ஒரு நாள் கடையை மதியமே சாத்திவிட்டு, தம்பி மகனின் வண்டியில் என்னையும் ஏற்றிக்கொண்டு பான் நாம் கெம் மீனவ ஊருக்குப் போனார். 2004 டிசம்பர் 26 சுனாமியில் தாய்லாந்தில் ஐயாயிரம் பேருக்கு மேல் இறந்தார்கள், அதில் பெரும்பங்கு இந்தக் கரையில்தான். பக்கத்துக் காவ் லாக்கில் கடலில் நின்ற 813 எண் போலீஸ் படகை அலை ஒரு கிலோமீட்டருக்கும் மேலே உள்ளே தூக்கிவந்து போட்டது, இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. காவ் லாக்கில் நான்கு நாள் இருந்தபோது அந்தப் படகின் முன்னால் நின்று படம் எடுத்திருக்கிறேன். பான் நாம் கெம் நினைவிடத்தில் அலை வளைந்து எழுவதைப் போல ஒரு கான்கிரீட் சுவர், எதிரே இறந்தவர்களின் பெயர்ப் பலகைகள், சில இடங்களில் புகைப்படம். பா ஒரு பலகையின் முன்னால் நின்று முந்தானைபோல் தோளில் கிடந்த துண்டால் அதைத் துடைத்தார். யார் என்று நான் கேட்கவில்லை. திரும்பும் வழியில் அவரே சொன்னார்: அன்றைக்குக் கரையிலிருந்து ஈரத்தோடு ஏறி வந்தவர்களுக்கு ராத்திரி முழுக்கக் காப்பி போட்டேன், பால் தீர்ந்த பிறகு வெறும் தண்ணீரில் போட்டேன். அவ்வளவுதான் சொன்னார்.

சுரினில் இருந்தபோது ஒரு மோக்கன் படகோட்டி என்னைப் பவளத்துக்குக் கூட்டிப் போயிருந்தார். அந்தக் கடலோடி மக்கள் சுனாமி நாளில் கடல் உள்வாங்கியதைப் பார்த்ததும் மேட்டில் ஏறித் தப்பித்தார்கள், மனிதரைத் தின்னும் அலையை 'லாபூன்' என்று பெரியவர்கள் கதையாகச் சொல்லி வைத்திருந்ததால். இது நான் முன்பே படித்த செய்திதான். ஆனால் அந்தப் படகோட்டியிடம் பவளம் எங்கே, ஆமை எங்கே என்றுதான் மூன்று நாளும் கேட்டேன், வேறொன்றும் கேட்கவில்லை. பான் நாம் கெம்மிலிருந்து வந்த ராத்திரி அது என்னை மிகவும் வருத்தியது.

தகுவாபாவைப் பற்றி நான் வரும் முன்பே தெரிந்துவைத்திருந்த ஒரே விஷயம் ஒரு கல்வெட்டு. பள்ளிக்கூடத்தில் எங்கோ ஒரு வரியாகப் படித்தது. கால் ஆறத் தொடங்கிய பிறகு அது நினைவுக்கு வந்து, தேடிப் படித்தேன். ஊருக்கு மேலே ஆற்றோரம் காவ் பிரா நாராய் என்று ஒரு குன்று, நாராயணன் குன்று. அங்கே விஷ்ணு சிலையும் துணைச் சிலைகளும் ஒரு மரத்தின் வேர்களுக்குள் அகப்பட்டுக் கிடந்தன, பக்கத்தில் உடைந்த கல் ஒன்று, அதில் தமிழ். 9ஆம் நூற்றாண்டு. எஞ்சிய எழுத்துகளில் இவ்வளவு தெரிகிறது: நாங்கூர் உடையான் ஒருவன் தொட்ட குளம், பேர் அவனிநாரணம், அது மணிக்கிராமத்தார் என்ற வணிகக் குழுவுக்கும் சேனாமுகத்தார் என்ற படைக்குழுவுக்கும் அடைக்கலம், அதாவது அவர்கள் பொறுப்பு. அவனிநாரணன் என்பது தெள்ளாற்றுப் போரில் வென்ற பல்லவ மன்னன் நந்திவர்மனின் பட்டப்பெயர். நாங்கூர் சீர்காழிப் பக்கம்.

'தொட்ட குளம்' என்று முதலில் படித்தபோது கையால் தொட்ட குளம் என்றே எடுத்துக்கொண்டேன். பிறகுதான் தோண்டிய குளம் என்று உறைத்தது. ராஜேந்திர சோழனின் கடற்படை வென்றதாகச் சொல்லப்படும் தலைத்தக்கோலம் இந்த ஊர்தான் என்று சில வரலாற்று அறிஞர்கள் சொல்கிறார்கள், சிலர் தராங் பக்கம் என்கிறார்கள். அந்தப் படையெடுப்பைத்தான் நாம் அதிகம் பேசுகிறோம். எனக்கோ அதற்கு ஏறத்தாழ இரு நூற்றாண்டு முன்பு இங்கே வந்து, காற்று மாறும்வரை காத்திருந்த நேரத்தில் ஒரு குளத்தைத் தோண்டி, நான் போன பிறகு நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மற்றவர்களிடம் ஒப்படைத்த ஆள்தான் பெரிதாகத் தெரிகிறான். கப்பலுக்குத் தண்ணீர் வேண்டும், ஊருக்கும் தண்ணீர் வேண்டும். வந்தவன் எதையோ எடுத்துப் போகத்தான் வந்திருப்பான், இருந்தும் மண்ணைத் தோண்டித் தண்ணீர் வைத்துவிட்டுப் போயிருக்கிறான்.

பாவின் தம்பி மகன் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தக் குன்றுப் பக்கம் கூட்டிப் போனான். கல் அங்கே இல்லை, நகோன் சி தம்மராத் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது. விஷ்ணு சிலை புக்கெட்டில் தலாங் அருங்காட்சியகத்தில். ஆற்றில் தண்ணீர் குறைவு, கூழாங்கற்கள் தெரிந்தன, கரையில் மூங்கில். போனில் இருந்த வரிகளை அவனுக்குத் தமிழிலேயே படித்துக் காட்டினேன். புரியாவிட்டாலும் கடைசிவரை கேட்டுவிட்டு, 'குளம்' என்ற சொல்லை மட்டும் இரண்டு தரம் திரும்பச் சொல்லிப் பார்த்தான். அவன் நாக்கில் 'ள' வரவில்லை. பிறகு வீட்டுக்குப் போகும் வழியில் என்ன அர்த்தம் என்று கேட்டான், தண்ணீரைக் காட்டித் தோண்டுவதுபோல் நடித்துச் சொன்னேன். யார் தோண்டினது என்றான். எங்கள் ஊர் ஆள் ஒருவர் என்றேன். எப்போது? ஆயிரத்து நூறு வருஷத்துக்கு மேலே ஆச்சு என்றேன். வண்டியை நிறுத்திவிட்டுத் திரும்பி என்னை ஒரு முறை பார்த்தான்.

நான்காவது வாரம் கடலுக்குப் போகலாம் என்று டாக்டர் சொன்னார். அன்றே பான் நாம் கெம் துறையிலிருந்து கோ கோ காவ் தீவுக்குப் படகேறினேன், சில நிமிடப் பயணம். அங்கே துங் துக் என்ற இடத்தில் பழைய துறைமுகத்தின் செங்கல் அடித்தளங்கள் இருக்கின்றன. கண்ணாடி மணிகள், சீனத்துத் தாங் காலப் பானையோடுகள், மேற்காசியப் பானையோடுகள் எல்லாம் அங்கே கிடைத்தவை. மேற்குக் கரைக்கு நடந்து போய்ச் செருப்பைக் கழற்றிவிட்டுக் கடலில் இறங்கினேன். நீளமான வெறும் கரை, ஆளே இல்லை. பத்து நிமிடம் நீந்தினேன், அப்புறம் வெளியே வந்து உட்கார்ந்தேன். அவசரமே இல்லை. நாளைக்கும் வரலாம், அடுத்த வாரமும் வரலாம், ஐந்தரைக்குள் திரும்பினால் பாவோடு சந்தைக்குப் போய்க் கெங் சோமுக்கு மீன் வாங்கலாம். அந்த மஞ்சள் புளிக்குழம்பை நானே வைத்துக்காட்டுவதாகச் சொல்லியிருந்தேன்.

வைத்தேன், புளி போதவில்லை என்றார். மறுவாரமும் வைத்தேன், ரோய் என்றார்.

ஏப்ரல் 13 சொங்க்ரான், தாய்லாந்தின் புத்தாண்டு. தெருவில் பிள்ளைகள் வாளியோடு நின்று போகிறவர் வருகிறவர் எல்லோரையும் நனைத்தார்கள். ஆனால் அதற்கு முன்னால், காலையில், வீட்டுப் பெரியவர்களின் கையில் மல்லிகைப்பூ மிதக்கும் தண்ணீர் ஊற்றி ஆசி வாங்க வேண்டும். பாவின் மகனும் தம்பி மகனும் ஊற்றிய பிறகு கிண்ணத்தை என்னிடம் கொடுத்தார்கள். அவர் இரண்டு கையையும் குவித்து நீட்டினார். காப்பித்தூள் ஏறிய நகங்கள், வலது மணிக்கட்டில் ஒரு பழைய தீக்காயத் தழும்பு. மெதுவாக ஊற்றினேன். அவர் ஈரக்கையை என் தலையில் வைத்து நீளமாக ஏதோ சொன்னார், பாதிதான் புரிந்தது, கேட்டுத் தெரிந்துகொள்ளத் தோன்றவில்லை.

16ஆம் தேதி காலை பையைக் கட்டினேன். இந்த முறை முழுதாகப் பிரித்திருந்ததால் கட்ட நேரம் பிடித்தது. நீலச் செருப்பைக் கழுவி, வெயிலில் காயவைத்து, நன்றி சொல்லிப் பாவிடம் நீட்டினேன். அவர் அதை வாங்கி மகன் செருப்புகள் இருக்கும் மூலையில் வைக்கவில்லை. மாடிப்படிக்குக் கீழே, என் அறைச் சாவி தொங்கும் ஆணிக்கு நேர் கீழே, ஜோடியாகச் சேர்த்து வைத்துவிட்டு, கல்லாப்பெட்டியைத் திறக்கப் போய்விட்டார்.